உங்களுக்குத் தெரியுமா? ஆக்சில் மூட்டைக் காக்கும் ரப்பர் உறை

முன்சக்கர இயக்கக் கார்களில், சக்கரம் எப்பக்கம் திரும்பினாலும் எஞ்சினின் சுழற்சியை வேகம் மாறாமல் அதற்குக் கொண்டுசேர்ப்பது, ஆக்சிலின் வெளிமுனையில் பெரும்பாலும் ஆறு எஃகுக் குண்டுகளைக் கொண்டு இயங்கும் சி.வி. ஜாயிண்ட் என்னும் மூட்டாகும். 1920களில் ஆல்ஃபிரட் ரெசெப்பா உருவாக்கிய இவ்வமைப்பு, 1959இல் பிரிட்டனில் வெளிவந்த மினி காரில் இடம்பெற்றது. இம்மூட்டைப் போர்த்தியுள்ள, மடிப்புகள் கொண்ட ரப்பர் உறையே பூட் எனப்படுகிறது. பழைய கார்களில் ரப்பர் இறுகி மடிப்புகளில் வெடிப்பு விடும்போது, ஸ்டீயரிங்குடன் சேர்ந்து மிகுதியாக வளையும் வெளிப்புற உறையே பெரும்பாலும் முதலில் கிழிகிறது. கிழிசல் வழியே கிரீஸ் சுழற்சியால் வெளியே வீசப்பட, உள்ளே புகும் மணலும் நீரும் குண்டுகளையும் அவை உருளும் தடங்களையும் அரம்போல் தேய்த்துவிடுகின்றன. சக்கரத்தின் உட்புறத்தில் தெறித்த கிரீஸ் கறை தென்பட்டவுடனே உறையை மாற்றுவது மிக முக்கியமானது. ஏனெனில், ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துச் செல்லும்போது ‘டக் டக்’ என்ற ஒலி எழத் தொடங்கிவிட்டால், தேய்ந்த மூட்டையே மாற்ற நேரிடும். உறையை மட்டும் மாற்றும்போதும், மூட்டைக் கழற்றிப் பழைய கிரீஸை முற்றாகத் துடைத்து, மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கிரீஸை உரிய அளவில் நிரப்பி, புதிய கிளாம்புகளால் இரு முனைகளையும் இறுக்க வேண்டும்.