மலைவழியும் வழித்துணையும்

நுழையும்முன்

பெயரும் ஊரும் அறியாத இருவர், ஒருவர் பாதுகாப்பை மற்றவர் பேணும் இடங்கள் சில உண்டு. மலைச்சாலை அவற்றுள் ஒன்று. அங்கே இருசக்கர ஊர்தியில் செல்வோரிடையே தோன்றும் தோழமை எதனால் உண்டாகிறது? தமிழ் மரபில் அதன் வேர் எங்கே உள்ளது? சமவெளிக்கு இறங்கிய பின்னும் அது நிலைக்க வழி என்ன? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இக்கட்டுரை.

சமவெளியும் மலையும்

திண்டுக்கல் நகரிலிருந்து பார்த்தால் தெற்கே சிறுமலையும் மேற்கே பழனிமலைத் தொடரும் தெரியும். சிறுமலைக்குச் செல்லும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பழனிமலைத் தொடரின் மேல் அமைந்த கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டிலிருந்து ஒரு சாலையும் பழனியிலிருந்து ஒரு சாலையும் ஏறுகின்றன. இச்சாலைகள் அமைவதற்கு முன்பு, பெரியகுளம் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து மக்கள் நடந்தும் குதிரையிலும் மேலே சென்றனர். நடக்க இயலாதவர்களை நாற்காலியில் அமர்த்தி ஆள்கள் தோளில் சுமந்தனர். பிறர் துணையின்றி அம்மலையை ஏறுவது எளிதாக இருந்ததில்லை.

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறையும். எனவே, வத்தலக்குண்டில் வியர்வையோடு புறப்பட்டவர் பெருமாள்மலையை அடையும்போது குளிரில் நடுங்குவார். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாலையில் மண்ணும் பாறையும் சரியும். பனிமூட்டம் சில அடி தொலைவுக்கு அப்பால் எதையும் மறைத்துவிடும். பேருந்தில் செல்பவருக்குக் கூரையும் சுவரும் உண்டு. இருசக்கர ஊர்தியில் செல்பவருக்கோ தலைக்கவசத்தைத் தவிர வேறு காப்பு இல்லை.

வளைவுகளில் பேசும் கைகள்

மலைச்சாலையில் மேலே ஏறுபவருக்கு அடுத்த வளைவிற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது தெரியாது. இறங்கி வருபவர் அதைச் சற்று முன்புதான் கண்டு கடந்திருப்பார். இறங்குபவர் கடக்க வேண்டிய வழியை ஏறுபவர் அறிவார். இவ்வாறு ஒருவருக்குத் தேவையான செய்தி மற்றவரிடம் இருக்கிறது. எதிரெதிரே கடக்கும் ஓரிரு நொடிக்குள் அச்செய்தி கைமாற வேண்டும். அதற்கென ஒரு சைகைமொழி வழக்கில் உள்ளது. உள்ளங்கையைக் கீழ்நோக்கித் தாழ்த்தி அசைத்தால் 'வேகத்தைக் குறைத்துக்கொள்க' என்பது பொருள். காட்டுமாடு சாலையில் நின்றாலோ மரம் சாய்ந்து கிடந்தாலோ முகப்பு விளக்கை மினுக்கி எச்சரிப்பதும் உண்டு.

வழிவிடுதலிலும் இத்தோழமை வெளிப்படுகிறது. சாலை குறுகலான இடத்தில், இறங்கிவரும் ஊர்தி ஓரமாக நின்று ஏறிவரும் ஊர்திக்கு வழிவிட வேண்டும் என்பது இந்தியச் சாலை விதி. ஏற்றத்தில் நின்றுவிட்ட ஊர்தியை மீண்டும் நகர்த்துவது கடினம். அது பின்னோக்கி உருளவும் கூடும். ஆகவே, இடர் மிகுந்தவருக்கு முதலிடம் தருவதையே விதி வலியுறுத்துகிறது.

வத்தலக்குண்டுச் சாலையில் உள்ள டம்டம் பாறையருகே பயணிகள் ஊர்தியை நிறுத்தி எலிவால் அருவியைக் காண்பது வழக்கம். இத்தகைய நிறுத்தங்களில், வழியில் கைகாட்டிச் சென்றவர்கள் நேருக்குநேர் பேசுகின்றனர். சக்கரத்தில் காற்று இறங்கியவருக்கு ஒருவர் காற்றடிக்கும் கருவியைத் தருகிறார். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல், ஏறிய அதே குறைந்த கியரில் இறங்க வேண்டும் என்று மூத்தவர் ஒருவர் இளையவருக்கு அறிவுறுத்துகிறார். தொடர்ந்து அழுத்தினால் பிரேக் சூடேறிப் பிடிமானம் இழக்கும் என்னும் பாடம் அங்கே எளிதாகக் கைமாறுகிறது.

ஆற்றுப்படுத்தும் மரபு

வழியறிந்தவர் வழியறியாதவருக்கு உதவும் பண்பைத் தனி இலக்கிய வகையாகவே வளர்த்தது தமிழ். 'ஆறு' என்றால் வழி. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர், எதிரே வரும் வறிய கலைஞரை வள்ளலிடம் செல்லும் வழியில் செலுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகையைச் சார்ந்தவை. அவற்றுள் கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம், பெருங்கௌசிகனார் பாடியது. நன்னனைக் காணச் செல்லும் கூத்தருக்கு மலைவழியின் இடர்களை அந்நூல் நிரல்படக் கூறுகிறது. பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்புகள் உறையும் இடங்கள், வழுக்கும் பாறைகள், தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கற்கள் ஆகியன குறித்து எச்சரிக்கிறது; இரவில் நடவாமல் குகைகளில் தங்குமாறு அறிவுறுத்துகிறது. கொண்டை ஊசி வளைவில் கையைத் தாழ்த்தி எச்சரிப்பவர் செய்வதும் ஆற்றுப்படுத்தலே ஆகும்.

இம்மரபு ஏட்டோடு நின்றுவிடவில்லை. தலைச்சுமையோடு வருவோர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி ஏற்றச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நடப்பட்டன. தைப்பூசக் காலத்தில் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடந்து செல்வோருக்கு வழிநெடுக ஊர்மக்கள் நீரும் உணவும் வழங்குவதை இன்றும் காணலாம்.

மலையில் தோன்றுவது சமவெளியில் மறைவதேன்?

மலையில் பழுதாகி நிற்கும் வண்டியைக் கண்டால் தன் வண்டியை நிறுத்தும் ஒருவர், நான்குவழிச் சாலையில் அதே காட்சியைக் கடந்து சென்றுவிடுகிறார். மலையில் நல்லவராக இருந்தவர் கீழே இறங்கியதும் தீயவராகி விடுவதில்லை. 1968ஆம் ஆண்டு உளவியலாளர்கள் ஜான் டார்லி, பிப் லட்டானே ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதனை விளங்கிக்கொள்ள உதவுகிறது. தனித்தனி அறைகளில் இருந்த மாணவர்கள் உள்தொடர்புக் கருவி (இன்டர்காம்) வழியாக உரையாடினர். அப்போது ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோன்ற குரல் கேட்டது. அதைத் தாம் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களுள் 85 விழுக்காட்டினர், அக்குரல் அடங்குவதற்குள் உதவி நாடி எழுந்தனர். வேறு நால்வரும் கேட்பதாக நம்பியவர்களுள் 31 விழுக்காட்டினரே அவ்வாறு செய்தனர்.

கூட்டம் பெருகும்போது பொறுப்பு பலருக்கும் பங்கிடப்பட்டுக் கரைந்துவிடுகிறது. 'வேறு யாரேனும் பார்த்துக்கொள்வர்' என்னும் எண்ணம் எழுகிறது. மலைச்சாலையில் அந்த 'வேறு யாரேனும்' இல்லை. நாம் நிற்காவிட்டால் அடுத்தவர் எப்போது வருவார் என்பதும் தெரியாது. மேலும், இன்று அவருக்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரலாம் என்னும் உணர்வு அங்கே ஒவ்வொரு வளைவிலும் நினைவூட்டப்படுகிறது. இமயமலையில் லே நகரை அடுத்த கார்துங் லா போன்ற 5,000 மீட்டருக்கும் மேற்பட்ட கணவாய்களைக் கடக்கும் பயணிகளிடம் இவ்வுணர்வு இன்னும் வலுவாக இருப்பதற்கும் இதுவே காரணம். ஆகவே, மலைத்தோழமையின் ஊற்று மலையழகு அன்று. 'இது என் பொறுப்பு' என்னும் தெளிவே ஆகும்.

தெரிந்து தெளிவோம்

விபத்தில் உதவினால் வழக்கில் சிக்க நேரிடும் என்னும் அச்சம் பலரைத் தடுத்து வந்தது. உதவுவோரைக் காக்கும் நடுவண் அரசின் வழிகாட்டு நெறிகளுக்கு உச்சநீதிமன்றம் 2016ஆம் ஆண்டு சட்டவலிமை அளித்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி மோட்டார் வாகனச் சட்டத்தில் 134அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்துடன் உதவுபவர் மீது உரிமையியல், குற்றவியல் நடவடிக்கை எடுக்க இயலாது என அப்பிரிவு காப்பளிக்கிறது. தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணிநேர உயிர்காக்கும் சிகிச்சையை வரையறுக்கப்பட்ட செலவு வரம்புக்குள் கட்டணமின்றி வழங்குகிறது.

நாம் செய்யத்தக்கவை

உதவியும் முறையறிந்து செய்யப்பட வேண்டும். முதலில் 108 என்னும் எண்ணுக்கு அழைத்து இடத்தைத் தெளிவாகக் கூற வேண்டும். பின்வரும் ஊர்திகளை எச்சரித்து மற்றொரு விபத்தைத் தடுக்க வேண்டும். குருதி பெருகினால் தூய துணியால் அழுத்திப் பிடிக்கலாம். முதுகெலும்பு அடிபட்டிருக்கக் கூடுமாதலால், தீ போன்ற உடனடி இடர் இருந்தாலன்றிக் காயமுற்றவரை இழுத்தோ தூக்கியோ நகர்த்தலாகாது. கூட்டம் கூடியிருந்தால், பொதுவாகக் கூவுவதைவிட ஒருவரைச் சுட்டி, 'அண்ணா, நீங்கள் 108ஐ அழையுங்கள்' என்பது பயன்தரும். அப்போது கரைந்துபோன பொறுப்பு மீண்டும் ஒருவரைச் சேர்கிறது.

மாணவர்களாகிய நீங்கள் விரைவில் ஓட்டுநர் உரிமம் பெறும் அகவையை எட்டவிருக்கிறீர்கள். சாலைவிதிகளைக் கற்பதோடு, வழியில் எதிர்ப்படும் அயலாரை வழித்துணையாகக் காணவும் கற்றல் வேண்டும். திண்டுக்கல்லின் நெரிசல் மிகுந்த வீதியில் விழுந்து கிடப்பவருக்கும், சிறுமலையின் ஆளரவமற்ற வளைவில் விழுந்து கிடப்பவருக்கும் தேவை ஒன்றே: முதலில் காண்பவர் நிற்க வேண்டும்.