வாயில் நிற்கும் சுவை

"வாயில நிக்குதில்ல புள்ள."

சென்ற நோன்பில் ஒரு நாள் கஞ்சிக் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு உம்மம்மா சொன்ன வார்த்தை இது. அவருக்கு உயர் குருதியமுக்கம். உப்பைக் குறைக்கும்படி கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அதனால் உம்மா அவருக்கு மட்டும் சிறிய சட்டியில் அரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பத்தியக் கஞ்சி காய்ச்சினார். இறைச்சி, உள்ளி, இஞ்சி எதுவும் அதில் இல்லை. மறுநாள் உம்மம்மா குசினியில் ஒளித்து நின்று உப்புப் போடுவதை நான் கண்டேன்.

அவர் "உப்பில்லை" என்று சொல்லவில்லை, "வாயில நிக்குதில்ல" என்றுதான் சொன்னார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு அந்த வார்த்தையின் பொருள் பிறகுதான் விளங்கியது.

இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகிய நான்கையும் நாம் சிறுவயதிலேயே படிக்கிறோம். 1908 இல் யப்பானைச் சேர்ந்த கிக்குனே இக்கேடா என்ற பேராசிரியர் கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டாமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். அது ஐந்தாவது சுவை. 1913 இல் அவருடைய மாணவர் கொடாமா, உலர்த்திய சூரை மீனில் இனோசினேற்று என்ற பொருளைக் கண்டார். நாம் சம்பலுக்கு இடிக்கும் மாசியும் சூரை மீனை அவித்துப் புகையிட்டு உலர்த்திச் செய்வதுதான்.

இந்தச் சிறு மூலக்கூறுகளை நாக்கு எப்படி அறிகிறது? அவை கலத்தின் உள்ளே போக வேண்டியதில்லை. கலமென்சவ்வின் வெளிப்புறத்தில் வாங்கிகள் என்ற புரதங்கள் நிற்கின்றன. இவ்வகை வாங்கியின் வெளிப்பகுதி, வாய் திறந்திருக்கும் மட்டியைப் போன்றது. இரண்டு ஓடுகளுக்கும் நடுவே அமினோ அமிலம் ஒன்று வந்து பொருந்தினால் மட்டி மூடிக்கொள்கிறது. அந்த அசைவு, மென்சவ்வை ஏழு தடவை ஊடுருவிச் செல்லும் பகுதியினூடாக உள்ளே கடத்தப்படுகிறது. உள்ளேயுள்ள ஜி புரதம் விழித்துக்கொள்ள, கலத்தினுள் கல்சியம் கூடி, நரம்புக்குச் செய்தி போகிறது. கதவைத் தட்டியவர் வாசலிலேயே நிற்க, செய்தி மட்டும் வீட்டுக்குள் போவது போன்றது இது. உமாமி வாங்கியில் குளுட்டாமேற்று மட்டியை மூட, இனோசினேற்று அது மீண்டும் திறக்காதபடி பிடித்துக்கொள்கிறது. இரண்டும் சேரும்போது சுவை பல மடங்காவது இதனால்தான்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வாங்கி இருக்கிறது. அது கல்சியம் உணர் வாங்கி. 1993 இல் பொஸ்ரன் நகர ஆய்வாளர்கள் அதை மாட்டின் பரதைரொயிட்டுச் சுரப்பியிலிருந்து இனங்கண்டார்கள். குருதியில் கல்சியம் கூடினால் அதை உணர்ந்து ஓமோன் சுரப்பைக் குறைப்பது அதன் வேலை. 2000 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் கொனிகிரேவும் அவருடன் சேர்ந்து ஆய்வு செய்தவர்களும், கல்சியம் இருக்கும்போது அமினோ அமிலங்களும் இந்த வாங்கியைத் தூண்டும் என்று காட்டினார்கள். சிறுநீரகத்திலும் உணவுக்கால்வாயிலும் நாக்கின் சுவையரும்புகளிலும்கூட இந்த வாங்கி உண்டு.

நாக்கில் அதற்கு என்ன வேலை? உள்ளியைச் சேர்த்தால் சூப் ஏன் 'நிறைவாக' இருக்கிறது என்று யப்பானிய ஆய்வாளர்கள் ஏற்கெனவே தேடியிருந்தார்கள். உள்ளிச் சாற்றில் அவர்கள் கண்ட பொருள்களில் ஒன்று குளுட்டாதயோன். குளுட்டாமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசீன் என்ற மூன்று அமினோ அமிலங்கள் இணைந்த சிறு பெப்ரைட்டு அது. சிறிய அளவில் அதற்கென்று ஒரு சுவை கிடையாது. ஆனால் உப்பு, இனிப்பு, உமாமி ஆகியவற்றோடு சேரும்போது அவற்றைத் தடிப்பாக்கி, வாய் முழுவதும் பரப்பி, நெடுநேரம் நிற்க வைக்கிறது. இந்தத் தன்மைக்கு அவர்கள் வைத்த பெயர் 'கொக்குமி'. அது கல்சியம் உணர் வாங்கியின் வழியாகவே நிகழ்கிறது என்று 2010 இல் அவர்கள் வெளியிட்டார்கள்.

இதை வாசித்தபோது உம்மம்மாவின் குரல்தான் எனக்குக் கேட்டது. ஆய்வாளர்கள் ஒரு பெயர் வைத்துச் சொன்னதைத்தான் அவர் "வாயில நிக்கிறது" என்று சொல்லியிருந்தார். 1990 இல் முல்லைத்தீவை விட்டு வெளியேறிப் புத்தளத்து முகாமில் இருந்த காலத்தில், இறைச்சி கிடைக்காத நாட்களில் உள்ளியை அள்ளிப் போட்டே கஞ்சி காய்ச்சியதாக அவர் அடிக்கடி சொல்வார். காரணம் தெரியாவிட்டாலும் பலன் அவருக்குத் தெரிந்திருந்தது.

உம்மாவிடம் விளக்கினேன். அடுத்த நாள் அதே குறைந்த உப்போடு, எலும்பையும் நிறைய உள்ளியையும் போட்டு நெடுநேரம் அவியவிட்டோம். எலும்பும் இறைச்சியும் அவியும்போது அமினோ அமிலங்களும் சிறு பெப்ரைட்டுகளும் நீரில் இறங்குகின்றன. அன்று உம்மம்மா கோப்பையை முழுதாக முடித்தார் என்று சொல்லமாட்டேன். ஆனால் உப்புப் போத்தலைத் தேடவில்லை.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். உள்ளி மருந்துக்கு மாற்றல்ல. இருக்கிற உப்பை நாக்கு நன்றாக உணர அது உதவும், அவ்வளவுதான். மாசியிலும் சூப் கட்டியிலும் உப்பு இருக்கிறது, அஜினமோட்டோவிலும் சோடியம் உண்டு. எனவே அளவு முக்கியம். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயால் துன்பப்படுபவர்கள் பலர். அவர்கள் இறைச்சியையோ எலும்புச் சாற்றையோ கூட்டுவதற்கு முன் வைத்தியரிடம் கேட்க வேண்டும். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வீட்டில் வயதானவர்கள் சாப்பாட்டைத் தள்ளிவைத்தால் அதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். என்ன குறைகிறது என்று கேளுங்கள். அவர்களுடைய நாக்கு சரியான பதிலைச் சொல்லும்.