சித்திரை வெயிலில் புகையாத நீர்

கடப்பாக்கத்துக்கு வடக்கே செய்யூர், தெற்கே மரக்காணம். இரண்டு பக்கமும் உப்பளம். சித்திரை உச்சி வெயிலில் பாத்தி வரப்பில் நின்று பாருங்கள். தண்ணீர் மளமளவென்று வற்றிக்கொண்டிருக்கும். ஆவி என்று எதுவும் கண்ணில் படாது. மார்கழி விடியலில் பக்கிங்காம் கால்வாய் மேல் வெண்புகை தவழும்போதுதான் “தண்ணீர் ஆவியாகுது” என்போம்.

நீராவிக்கு நிறம் கிடையாது. டீக்கடை கெட்டிலின் மூக்கருகே ஒரு விரல்கடை தூரத்துக்கு ஒன்றும் தெரியாது, அதைத் தாண்டித்தான் வெண்மை தொடங்கும். அந்த வெண்மை, குளிர்ந்து பொடித்துளியாகிவிட்ட தண்ணீர். 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 17 கிராம் ஈரம்தான் தாங்கும். 40 டிகிரியில் 51 கிராம். மார்கழிக் காற்றுக்குக் கொள்ளளவு குறைவு. வெதுவெதுப்பான கால்வாய் நீரிலிருந்து ஏறியது அங்கேயே துளியாகிறது. சித்திரைக் காற்றோ வந்ததையெல்லாம் விழுங்கிவிடுகிறது.

அந்தப் பசியை நம்பித்தான் உப்புத் தொழிலே. கடல்நீரில் ஒரு கிலோ உப்பு எடுக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் போக வேண்டும். அடுப்பில் காய்ச்சினால், துளி வெப்பம் வீணாகாவிட்டாலும் 5, 6 கிலோ விறகு எரியும். இங்கே வெயில் அதை இனாமாகச் செய்கிறது, கொதிக்க வைக்காமலே. அடர்த்தியை அளக்கும் போமே அளவில் 3 பாகையாக வரும் கடல்நீர், பாத்தி பாத்தியாக மாறி 25 பாகையைத் தொடும்போது மேலே மெல்லிய ஏடு படிகிறது. கனம் தாங்காமல் உடைந்து அடியில் இறங்குகிறது. அதுதான் உப்பு.

வெயில் மட்டும் போதுமா? போதாது. உப்பேறிய நீர் தன் தண்ணீரை லேசில் விடாது. காற்றும் அதுவும் ஒரே சூட்டில் இருந்தால், ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் வற்றுவது நின்றுவிடும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கத் தொடங்கும். வறண்ட மேல்காற்றுக்கு உப்பளத்தில் இருக்கும் மவுசு இதனால்தான். கடற்காற்று குளிர்ச்சி தரும், கூடவே ஈரத்தையும் கொண்டுவரும்.

இந்தக் கரைக்கு உப்பு புதிதல்ல. பக்கத்து ஆலம்பரைத் துறைமுகத்திலிருந்து ஒரு காலத்தில் உப்பும் கப்பலேறியது. இதே பகுதியான இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையிலும் உமணர் வண்டிகள் வருகின்றன. உப்பு வணிகர்கள்தான் உமணர்கள். இன்றும் ஐப்பசி மழை பாத்தியில் இறங்குமுன் உப்பை வாரிக் குவித்தாக வேண்டும். குவியலுக்குக் கீற்று வேய்வதும் அப்போதுதான்.