ஓர் எழுத்து மாறினால்

கானாவின் தலைநகர் அக்ராவுக்கு வெளியே, மலையடிவாரத்தில் அடமொரோபே என்றொரு சிற்றூர். காது கேளாமல் பிறப்பவர்கள் இங்கே பல தலைமுறைகளாகவே அதிகம். அதனால் ஊருக்கென்றே தனியாக ஒரு சைகை மொழி வளர்ந்துவிட்டது. காது கேட்பவர்கள் பலரும் அதில் பேசுகிறார்கள்.

காரணம் 1998இல் வெளியானது. நமது 13ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு, கனெக்சின் 26 என்ற புரதத்தைக் கட்டுவதற்கான குறிப்பை வைத்திருக்கிறது. குறிப்பின் நீளம் 681 டிஎன்ஏ எழுத்துகள். இவ்வூரில் காது கேளாதவர்களிடம் அதில் 427ஆம் எழுத்து ‘சி’ என்பதற்குப் பதில் ‘டி’. அவ்வளவுதான்! தாய் வழியிலும் தந்தை வழியிலும் இந்தப் பிழையே வந்து சேர்ந்தால் குழந்தைக்குக் காது கேட்காது.

அப்படி என்ன வேலை செய்கிறது இந்தப் புரதம்? ஆறு கனெக்சின்கள் வட்டமாகக் கூடினால் செல்லின் சவ்வில் ஓர் அரைக்குழாய். பக்கத்துச் செல்லிலும் அதேபோல் ஓர் அரை. இரண்டும் முட்டிப் பொருந்தும்போது செல்லுக்குச் செல் வழி திறக்கிறது. இதற்கு ‘இடைவெளிச் சந்தி’ என்று பெயர்.

உள்காதில் சுருண்டிருக்கும் காக்ளியாவை நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர். அதற்குள் பொட்டாசியம் நிறைந்த திரவம், 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்துடன் காத்திருக்கிறது. டார்ச் விளக்கின் ஒரு பேட்டரியில் இருப்பதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். ஒலி வந்து முடிச்செல்களின் நுண்முடிகளை அசைத்ததும் பொட்டாசியம் உள்ளே பாய்கிறது; நரம்புக்குச் செய்தி போகிறது. பாய்ந்த பொட்டாசியம் அந்தச் சந்திகள் வழியாகவே திரவத்துக்குத் திரும்புகிறது என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் விளக்கம். சந்தி பழுதானால் அந்த மின்னழுத்தமும் நிலைக்காது.

இனிதான் உண்மையான வியப்பு. கானாவில், பரம்பரையாகச் செவித்திறன் குறைந்த குடும்பங்களை ஆராய்ந்தபோது சுமார் நான்கில் ஒன்றில் இதே பிழை இருந்தது. கேமரூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் தேடினால், இந்த மரபணுவில் அநேகமாகப் பிழையே இல்லை! ஐரோப்பியரிடமோ பிறவிச் செவிட்டுத்தன்மையின் முதன்மைக் காரணங்களில் ஒன்று இதே மரபணுதான். ஆனால் அங்கே பிழை வேறு: ஓர் எழுத்து உதிர்ந்துபோயிருக்கும். இந்தியாவில் அதிகம் தென்படுவது இன்னொன்று.

செவித்திறனைக் கெடுக்கும் மரபணுக்கள் நூற்றுக்கும் மேல். மனித மரபணு வேறுபாடுகள் மிக அதிகமாக உள்ள கண்டம் ஆப்பிரிக்கா. அதனால்தான் அங்குள்ள ஆய்வாளர்கள் ஒரு மரபணுவோடு நிற்காமல், புரதம் கட்டும் குறிப்புகள் அத்தனையையும் படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஐரோப்பியருக்காக வடிவமைத்த சோதனை ஒரு கேமரூன் குழந்தைக்குப் ‘பழுதில்லை’ என்று சொன்னால், அந்த ஒரு மரபணுவில் பழுதில்லை என்று மட்டுமே அதைப் படிக்க வேண்டும்.