தேய்ப்பு வேலையும் தூசு உறிஞ்சு குழாயும்



மரத்தை அறுத்து, சீவி, இணைத்து முடித்த பின்னர் அதற்கு மெருகு தருவது தேய்ப்பு வேலை. முன்னாளிலே தச்சர்கள் பிராய் மரத்தின் சொரசொரப்பான இலையைக் கொண்டு மரத்தைத் தேய்ப்பதுண்டு. பின்னர் அரத்தாள் வந்தது. சிறு கட்டையொன்றில் அத்தாளைச் சுற்றிக் கையால் தேய்க்கும் வழக்கம் இன்றும் நிலவுகின்றது. அதனோடு, பட்டறைகளிலே 'சாண்டர்' என வழங்கும் மின் தேய்ப்பு இயந்திரமும் இப்பொழுது சேர்ந்துகொண்டது. மொறட்டுவையின் தளபாடப் பட்டறைகளிலும், யாழ்ப்பாணத்தின் சிறு தச்சுக் கொட்டில்களிலும் அதன் இரைச்சலைக் கேட்கலாம். வேலை விரைவாக முடிகின்றது. தூசும் அவ்வளவு விரைவாக எழுகின்றது. அத்தூசை எழும் இடத்திலேயே பிடித்து அகற்றும் உறிஞ்சியைப் பற்றியும், சிறப்பாக அதன் குழாயைத் தெரிந்தெடுக்கும் முறையைப் பற்றியும் இன்று பேச எண்ணுகின்றேன்.

கலை பயின்ற பாடசாலை அதிபர் ஒருவருக்குத் தச்சுப் பட்டறைக் குழாயோடு என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். எங்கள் பிள்ளைகளிற் பலர் பாடசாலையை விட்டதும் கைத்தொழிலை நாடிச் செல்கின்றனர். 18 வயதில் உளியைக் கையிலெடுக்கும் இளைஞன் ஒருவன் 60 வயதுவரை அதே பட்டறையின் காற்றைச் சுவாசிக்கப் போகின்றான். அந்தக் காற்று எத்தகையது என்பதை அறிய விரும்புவது ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உரிய கடமையே.

மரத்தூள் இயற்கைப் பொருள்தானே, அதனால் என்ன தீங்கு என்று எண்ணுவார் பலர். இங்கிலாந்திலே, பக்கிங்காம்ஷயரில் உள்ள ஹை விக்கம் நகரம் நாற்காலித் தொழிலுக்குப் பேர்போனது. மூக்கின் உட்புறத்தே உண்டாகும் அரிய புற்றுநோய் ஒன்று அப்பகுதியின் தளபாடத் தொழிலாளரிடையே மிகுதியாகக் காணப்படுவதை 1960களில் வைத்தியர்கள் கண்டனர். எஸ்மி ஹட்ஃபீல்ட், ரொனால்ட் மக்பெத், டொனால்ட் அச்சிசன் ஆகியோர் இதனை ஆராய்ந்து 1968இல் வெளியிட்டனர். பிற நாடுகளின் ஆய்வுகளும் சேர்ந்தபின், புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 1995இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் வரிசையிற் சேர்த்தது. தொய்வு நோயும் தோல் அழற்சியும் மரத்தூளால் விளையும் ஏனைய தீங்குகள்.

எவ்வளவு தூசு கூடும்? பிரித்தானியாவிலே, வன்மரத் தூளுக்கு 2020 முதல் விதிக்கப்பட்ட எல்லை, எட்டு மணிநேரச் சராசரியாக, ஒரு கனமீற்றர் காற்றில் 3 மில்லிகிராம். ஓர் அரிசிமணியின் நிறை ஏறக்குறைய 20 மில்லிகிராம். அதனை ஏழு கூறாக்கி, ஒரு கூற்றைப் பொடிசெய்து ஒரு கனமீற்றர் காற்றிலே தூவினால் அந்த எல்லையை அணுகிவிடும். கண்ணுக்குப் புலப்படும் பெருந்தூள் நிலத்தில் வீழ்ந்துவிடும்; விளக்குமாறு கொண்டு கூட்டலாம். ஒரு மைக்கிரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்கிரோன். பத்து மைக்கிரோனுக்கும் குறைந்த நுண்தூசோ காற்றிலே நெடுநேரம் மிதந்து சுவாசப்பையின் உட்பகுதிகளை எட்டவல்லது. ஓலைக்கூரையின் துவாரத்தினூடு வரும் வெயிற் கதிரிலே தூசு நடமாடுவதைப் பார்த்திருப்பீர்கள். கதிர் இல்லாத இடத்திலும் அத்தூசு உண்டு. நாம் காண்பதில்லை, அவ்வளவே. விளக்குமாற்றால் அத்தகைய தூசைக் கூட்டினால் அது மீண்டும் எழும்பும். ஆதலின், எழும் இடத்திலேயே அதனைப் பிடித்தல் வேண்டும்.

இவ்வேலையிலே மூன்று உறுப்புக்கள் பங்கு கொள்கின்றன. முதலாவது, தேய்க்கும் கருவி. அதன் அடித்தட்டிலே துவாரங்கள் இருக்கும். அரத்தாளின் துவாரங்கள் அவற்றோடு பொருந்துதல் வேண்டும். பொருந்தாவிடின் எவ்வளவு நல்ல உறிஞ்சியாலும் பயனில்லை. மூன்றாவது, தூசைச் சேர்க்கும் உறிஞ்சி. இவ்விரண்டுக்கும் நடுவே கிடப்பது குழாய். கருவிக்கும் உறிஞ்சிக்கும் பெரும்பணம் செலவிடுவோர், கடையிற் கிடைத்த ஏதோவொரு குழாயைப் பொருத்திவிட்டு, 'உறிஞ்சி சரியில்லை' என்று குறைகூறுவதுண்டு. பெரும்பாலும் குறை குழாயிலே இருக்கும்.

குழாயிலே முதலில் நோக்க வேண்டியது உள்விட்டம். இதனை நம் தோட்டக்காரர் எளிதில் விளங்கிக்கொள்வர். கிணற்று நீரை இறைக்கும் இயந்திரம் ஒன்றே. ஆயினும் ஒடுங்கிய குழாயைப் பூட்டினால் நீர் குறைந்துவிடும். காற்றும் அத்தகையதே. ஒரே அளவு காற்று செல்லும்போது, குழாயின் விட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் அதன் தடை ஏறக்குறைய 32 மடங்காகும். தேய்ப்புக் கருவிகளுக்குப் பெரிதும் வழங்கும் குழாய்கள் 27 மில்லிமீற்றர், 36 மில்லிமீற்றர் அளவின. பார்வைக்கு வேறுபாடு சிறிதே. எனினும், அதே அளவு காற்றைச் செலுத்தும்போது 27 மில்லிமீற்றர்க் குழாயின் தடை, மற்றையதன் தடையிலும் ஏறக்குறைய நான்கு மடங்கு.

அப்படியாயின் இயன்றவரை அகன்ற குழாயையே வாங்கலாமே என்று தோன்றும். இங்கும் தோட்டத்து வாய்க்காலையே நினைவுகூருங்கள். வாய்க்காலை அளவுக்கு மீறி அகலமாக வெட்டினால் நீரின் வேகம் தணிந்து, வண்டல் அடியிலே படிகின்றது. குழாயிலும் காற்று மெதுவாகச் சென்றால் மரத்தூள் படிந்து, நாளடைவில் அடைத்துக்கொள்ளும். தூளைத் தூக்கிச் செல்ல விநாடிக்கு ஏறக்குறைய 20 மீற்றர் வேகம் வேண்டும் என்பது தொழில்நுட்பவியலாளரின் கணிப்பு. அவ்வேகத்துக்கு 27 மில்லிமீற்றர்க் குழாயிலே மணிக்கு ஏறக்குறைய 41 கனமீற்றர் காற்றுப் போதும். 36 மில்லிமீற்றரில் 73 கனமீற்றரும், 50 மில்லிமீற்றரில் 141 கனமீற்றரும் வேண்டும். சிறு சாண்டரின் வாயும் அடித்தட்டின் துவாரங்களும் ஒடுங்கியவை. அவற்றினூடே அவ்வளவு காற்றுச் செல்லாது. எனவே சிறு கருவிக்கு 50 மில்லிமீற்றர்க் குழாயைப் பூட்டுவது வீண்.

இந்த வேக எல்லைக்கு நியமத்திலும் இடமுண்டு. ஐரோப்பிய நியமம் தூசு உறிஞ்சிகளை எல், எம், எச் என மூன்று வகுப்பாக்கியுள்ளது. அவற்றின் வடியினூடே தப்பக்கூடிய தூசு முறையே 1, 0.1, 0.005 சதவீதத்துக்கு மேற்படலாகாது. மரத்தூளுக்கு எம் வகுப்பு ஏற்றது. அவ்வகுப்பு உறிஞ்சியிலே, குழாயிற் காற்றின் வேகம் விநாடிக்கு 20 மீற்றருக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை செய்யும் அமைப்பு உண்டு. எந்த விட்டமுள்ள குழாய் பூட்டப்பட்டுள்ளது என்பதை அறிவிக்கும் திருகி ஒன்றும் பெரும்பாலும் அதில் இருக்கும். குழாயை மாற்றும்போது அதனையும் மாற்ற மறந்தால் எச்சரிக்கை பொய்த்துவிடும்.

இரண்டாவது, நீளம். குழாய் இருமடங்கு நீண்டால் தடையும் இருமடங்காகும். வேலை செய்யும் மேசைக்குத் தேவையான நீளத்தை அளந்து வாங்குக. மூன்றரை மீற்றர் பலருக்குப் போதும். மேலதிக குழாயைச் சுருட்டி நிலத்தில் இடுவது நன்றன்று. ஒவ்வொரு வளைவும் காற்றைத் தடுக்கும். உட்புறம் மழமழப்பாக உள்ள குழாய், நெளிநெளியாக உள்ளதிலும் சிறந்தது. மடித்தால் நெரியாது மீள்கின்றதா என்பதையும் கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, நிலைமின். உலர்ந்த மரத்தூள் பிளாஸ்டிக்குச் சுவரில் உராய்ந்து செல்லும்போது மின்னேற்றம் பிறக்கின்றது. அதனாலே தூள் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும்; கையிலே சுள்ளென்று அதிர்ச்சியும் தாக்கும். அதிர்ச்சி சிறிதாயினும், கூரிய கருவியைப் பிடித்திருப்பவன் திடுக்கிட்டால் காயம் நேரலாம். இதனைத் தவிர்க்க, கரிச்சேர்வை கலந்து மின்னைக் கடத்தும்படி செய்த குழாய்கள் கிடைக்கின்றன. அவை தம் கடமையைச் செய்ய வேண்டுமாயின், இரு முனைகளிலும் உள்ள இணைப்புக்களும் மின்னைக் கடத்துவனவாதல் வேண்டும். உறிஞ்சியும் புவித்தொடுப்பு உடையதாதல் வேண்டும். நடுவே சாதாரண பிளாஸ்டிக்கு வளையம் ஒன்றைச் செருகினால் தொடர்பு அறுந்துபோம்.

இனி, கைத் தேய்ப்புக் கட்டைக்கு வருவோம். உறிஞ்சு குழாய் பூட்டத்தக்க கட்டைகளும் உண்டு. கட்டையிலே மோட்டாரும் இல்லை, விசிறியும் இல்லை. தூசை இழுக்கும் பொறுப்பு முழுவதும் உறிஞ்சியைச் சார்ந்தது. கையோ ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை முன்னும் பின்னும் செல்லும். கனத்த குழாயைப் பூட்டினால் மணிக்கட்டு நோகும். குழாயின் இழுவையாற் கட்டை சரிந்து மரத்திலே கீறல் விழும். வருந்திய தொழிலாளி குழாயைக் கழற்றி வைத்துவிட்டுப் பழையபடி தூசிலே வேலை செய்வான். ஆகவே கட்டைக்கு 20 முதல் 27 மில்லிமீற்றர் வரையுள்ள, மென்மையும் இலேசும் வாய்ந்த, முனை சுழலக்கூடிய குழாயே உகந்தது. குழாயை மேலே வளையிலிருந்து கயிற்றால் தொங்கவிட்டால் பாரம் இன்னும் குறையும். உறிஞ்சல் மிகுந்தால் கட்டை பலகையோடு ஒட்டிக்கொள்ளும். அவ்வேளையில் உறிஞ்சியின் வலுவைக் குறைத்தோ, காற்றுவாய் இருப்பின் அதனைச் சிறிது திறந்தோ சரிசெய்யலாம்.

சிறு வட்டச் சாண்டருக்கு 27 அல்லது 32 மில்லிமீற்றர்க் குழாய் பொருந்தும். தூளை மிகுதியாகக் கழிக்கும் பட்டிச் சாண்டருக்கு, அதன் வாய் இடங்கொடுக்குமாயின், 36 மில்லிமீற்றர் நன்று. நிலத்தில் நிறுவிய பெரிய தேய்ப்பு இயந்திரங்களுக்கு 100 மில்லிமீற்றர்க் குழாயும், அதற்கேற்ற வேறுவகை உறிஞ்சியும் வேண்டும். கடைக்காரர் சொல்லும் அளவு உள்விட்டமா வெளிவிட்டமா என்று தவறாது கேட்டறிக. கருவியையே கடைக்கு எடுத்துச் சென்று பொருத்திப் பார்ப்பது அதனினும் நன்று. பொருந்தாத வாயை ஒட்டுநாடாவாற் சுற்றி மூடுவோர் உளர். நாடா இளகிய இடத்தால் வெளிக்காற்று புகும். புகுந்த அளவுக்குக் கருவியின் வாயில் உறிஞ்சல் குறையும். அளவான இறப்பர் இணைப்பு ஒன்றை வாங்குவதே முறை.

பூட்டிய பின்னர், எல்லாம் சரிவர இயங்குகின்றதா என்பதை எவரும் சோதிக்கலாம். அறையை இருளாக்கி, தேய்க்கும் இடத்துக்கு அப்பால் மின்சூள் ஒன்றை ஏற்றி வைத்து, அதன் கதிர் தூசினூடே நம்மை நோக்கி வரும்படி செய்க. கண்ணிலே வெளிச்சம் நேராகப் படாதவாறு மறைத்துக்கொண்டு நோக்கினால், தப்பிச் செல்லும் நுண்தூசு புகைபோலத் தெரியும். கூரைத்துவாரத்துக் கதிர் காட்டும் காட்சியே இது. ஒரு குழாயை மாற்றி மற்றொன்றைப் பூட்டிப் பார்த்தால் வேறுபாடு கண்கூடாகப் புலப்படும்.

எச்சரிக்கை இரண்டு கூறுதல் வேண்டும. இரும்பைத் தேய்க்கும்போது தீப்பொறி பறக்கும். அப்பொறி குழாய்வழியே சென்று பையிலுள்ள மரத்தூளிற் புகுந்தால் உள்ளுக்குள்ளே கனன்று, வேலை முடிந்து வீடு சென்றபின் தீப்பற்றவும் கூடும். மரத்தூளுக்கு உரிய உறிஞ்சியை இரும்பு வேலைக்குப் பயன்படுத்தலாகாது. மற்றையது, பழைய கதவு யன்னல்களின் வர்ணம். அதில் ஈயம் கலந்திருத்தல் கூடும். ஈயத்தூசு குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு. ஐயமுள்ள இடத்தில் உலர்ந்த தேய்ப்பைத் தவிர்த்தல் வேண்டும். தவிர்க்க இயலாதாயின் எச் வகுப்பு உறிஞ்சியே தகும்.

முகமூடி வேண்டாமா என்று சிலர் கேட்பர். வேண்டும். எந்தக் குழாயும் தூசு முழுவதையும் பிடிப்பதில்லை. ஆனால் முகமூடி அணிந்தவனை மட்டுமே காக்கும். அருகிலே பலகை தாங்கி நிற்கும் பையனையும், உணவு கொண்டுவரும் மனைவியையும், கொட்டிலின் ஓரத்தில் விளையாடும் குழந்தையையும் காக்காது. உறிஞ்சி எல்லோருக்கும் உதவும்.

எல்லாப் பட்டறையிலும் விலையுயர்ந்த இயந்திரம் வாங்குதல் இயலாது என்பதை அறிவேன். வசதி குறைந்தவர்கள் தூசு வேலையைத் திறந்த வெளியிலே, காற்று முதுகுப்புறத்திருந்து ஒருபக்கமாக வீசும்படி நின்று செய்யலாம், ஈரத்துணியால் துடைக்கலாம், உடையிலுள்ள தூசை வீட்டுக்குள் கொண்டு செல்லாதிருக்கலாம். உறிஞ்சி வாங்க முடிந்தவர்கள், அதற்கு வேண்டிய பணத்தைக் கணக்கிடும்போதே நல்ல குழாயொன்றின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கருவியின் வாயை அளந்து, வேலைக்கு வேண்டிய நீளத்தையும் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். பை நிறைவதற்கு முன்னரே மாற்றுங்கள். வாரம் ஒருமுறை குழாயைக் கழற்றி, அடைப்பும் வெடிப்பும் உண்டா எனப் பாருங்கள். பட்டறைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரும், அங்கே தூசு எவ்வாறு அகற்றப்படுகின்றது என்று ஒரு வார்த்தை கேட்டறிதல் நன்று.