நனைந்த கைப்பேசியும் நமது அவசரமும்

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புயல் என்பது கடலோர மக்களின் கவலை என்றே தருமபுரி மாவட்டத்தாராகிய நாம் பன்னெடுங்காலம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் இரண்டே நாளில் பொய்த்தது. டிசம்பர் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அரூரில் 33 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அண்டையிலுள்ள ஊத்தங்கரையிலோ ஏறத்தாழ 50 சென்டிமீட்டர்! ஓராண்டு முழுவதும் நமக்குக் கிடைக்கும் மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டது ஒரே நாளில் பெய்தால் ஏரிகளும் ஓடைகளும் என்ன செய்யும்? ஊத்தங்கரையில் நிறுத்தி வைத்திருந்த வாகனங்களை வெள்ளம் உருட்டிச் சென்ற காட்சியை நாடே கண்டது.

பெரிய இழப்புகள் கணக்கில் ஏறின. சிறிய இழப்புகளை எழுதி வைப்பார் யார்? அத்தகைய ஒன்றைப் பற்றியே இம்மாதம் எழுத விழைகிறேன். அதில் என் பிழையும் உண்டு.

வெள்ளம் வடியத் தொடங்கிய மாலையில் வீடு வீடாகச் சென்று வந்தேன். ஓடைக்கரையில் ஒரு வீடு. லாரி ஓட்டி வந்த குடும்பத் தலைவர் அவ்வாண்டுதான் இறந்திருந்தார். தாயும் கல்லூரியில் பயிலும் மகளும் வயது முதிர்ந்த பாட்டியும் மட்டுமே அங்கே இருந்தனர். முழங்காலளவு நீரில் நின்றுகொண்டு மூட்டைகளைப் பரணில் ஏற்றியபோது மகளின் கைப்பேசி சேற்று நீரில் விழுந்துவிட்டது. தேடி எடுப்பதற்குள் அரைமணி கடந்துவிட்டதாம்.

“போனால் போகட்டும், உயிர் தப்பினீர்களே” என்றேன். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். “சாமி, எம் பையன் குரலு அதுக்குள்ளதான் இருக்குது” என்றார்.

தந்தை வெளியூர்ப் பயணங்களிலிருந்து, ‘சாப்பிட்டியா கண்ணு?’ என்று மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகள் அக்கருவியில் இருந்தன. அவற்றிற்கு வேறு படி எடுத்து வைக்கவில்லை. மாலை தோறும் பாட்டி அவற்றைக் கேட்பது வழக்கமாம்.

ஊரெல்லாம் சொல்வதையே நானும் சொன்னேன்: “அரிசிக்குள் புதைத்து வையுங்கள்; காலையில் இயக்கிப் பாருங்கள்.” அரிசி நனைந்து போயிருந்தது. பரணில் ஒரு டிரம்மில் கேழ்வரகு இருந்தது, அதற்குள் புதைத்தார்கள். மறுநாள் இயக்கியபோது திரை ஒருமுறை மின்னி அணைந்தது. மீண்டும் மீண்டும் முயன்றார்கள். மின்சாரம் திரும்பியதும் சார்ஜரில் மாட்டினார்கள். கருவி சூடேறியது, பிறகு அசைவே இல்லை.

அரூரில் கைப்பேசி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவரிடம் அதை எடுத்துச் சென்றோம். திறந்து பார்த்தவர் என்னை நோக்கி, “ஃபாதர், தண்ணி பண்ணின கெடுதலை விட, நீங்க ஆன் பண்ணிப் பண்ணிப் பார்த்த கெடுதல்தான் அதிகம்” என்றார். நான் தலை குனிந்தேன்.

நீர் எவ்வாறு கெடுக்கிறது?

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். நீரில் கரைந்துள்ள உப்புகளே மின்சாரத்துக்கு வழி அமைக்கின்றன. நம் மாவட்டத்து ஆழ்குழாய் நீரில் கரைந்துள்ளவை எத்தகையவை என்பதைப் பிள்ளைகளின் பற்களில் படிந்த கறையே சொல்லும். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பெற்றது. வெள்ள நீரிலோ உப்போடு சேறும் சாக்கடையும் கலந்திருக்கும்.

கைப்பேசியின் உள்ளே மயிரிழை இடைவெளியில் உலோகப் பாதைகள் அருகருகே ஓடுகின்றன. உப்பு நீர் அவற்றை இணைத்திருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் இரு தீங்குகள் நேரும். கூடாத வழியில் மின்சாரம் பாய்ந்து நுண்ணிய உறுப்புகள் எரிந்துபோகும். செம்பு அரிக்கப்பட்டுப் பச்சை நிறக் களிம்பு பூக்கும். மின்சாரம் இல்லாதபோது இவ்வரிப்பு மெல்ல நடக்கும். மின்சாரம் இருந்தாலோ விரைந்து நடக்கும். ஆகவே நனைந்த கருவியை ‘ஓடுகிறதா’ என்று சோதிப்பதே அதைக் கொல்லும் வழியாகும்.

என் சிறு வயதில் எங்கள் வீட்டு டிரான்சிஸ்டர் வானொலி மழையில் நனைந்தது. தந்தையார் மின்கலங்களை வெளியே எடுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து நிழலில் காய வைத்தார். அது பின்னும் பல ஆண்டுகள் பாடியது. மின்கலத்தைக் கழற்றியதே அதைக் காத்தது என்பதை இப்போதுதான் உணர்கிறேன். இன்றைய கைப்பேசிகளில் பெரும்பாலானவற்றில் மின்கலம் உள்ளேயே ஒட்டப்பட்டிருக்கிறது. ஆகவே நமக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை.

அரிசி காக்குமா?

உப்புச் சாடியில் நான்கு அரிசி போடும் பழக்கத்திலிருந்து இந்நம்பிக்கை வந்ததோ என்னவோ! அரிசி காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது ஈர்க்கும். கருவிக்குள் சிக்கிய நீரை உறிஞ்சி எடுக்காது. எடுத்ததாகவே கொண்டாலும் உப்பும் சேறும் உள்ளேயே தங்கிவிடுமன்றோ? ஐபோன் தயாரிக்கும் ஆப்பிள் நிறுவனமே, அரிசியின் சிறு துகள்கள் கருவியைக் கெடுக்கக்கூடும் என்று 2024 ஜனவரியில் எச்சரித்தது. நாங்கள் புதைத்த கேழ்வரகின் தூசு, மின்னேற்றும் துளையில் பசைபோல் அடைத்துக் கிடந்தது.

செய்ய வேண்டியவை

கருவியை நீரிலிருந்து உடனே எடுங்கள். இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்து விடுங்கள், அணைந்திருந்தால் இயக்காதீர்கள். சார்ஜரை அருகிலும் கொண்டு வராதீர்கள். பொத்தான் வைத்த பழைய வகையாயின் மின்கலத்தைக் கழற்றி விடுங்கள்.

உறையை நீக்கி, சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் வெளியே எடுத்துத் துடைத்து வையுங்கள். நினைவக அட்டை பெரும்பாலும் பிழைத்துவிடும். சிம் அட்டை கெட்டாலும் கவலை வேண்டா. அடையாளச் சான்றுடன் சென்றால் அதே எண்ணில் புதிய அட்டை பெறலாம்.

பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, மின்னேற்றும் துளை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து மெல்லத் தட்டுங்கள். வாயால் ஊதினால் நீர் இன்னும் உள்ளே போகும். அடுப்பருகிலும், சுடுபாறையிலும், கூந்தல் உலர்த்தும் கருவியின் வெப்பத்திலும் காட்டாதீர்கள். உள்ளிருக்கும் லித்தியம் மின்கலம் சூட்டில் உப்பித் தீப்பற்றக்கூடும். விசிறிக் காற்றே போதும். புதுக் காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருப்போர், இறுக மூடும் டப்பாவில் அவற்றோடு கருவியை ஓரிரு நாள் வைக்கலாம்.

சேற்று நீரோ, உப்பு நீரோ, குழம்போ பட்டிருந்தால் உலர்த்துவது மட்டும் போதாது. அன்றே பழுதுபார்ப்பவரிடம் செல்லுங்கள். அவர் கருவியைத் திறந்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்னும் திரவத்தால் மின்சுற்றுப் பலகையைக் கழுவி, மென்மையான தூரிகையால் களிம்பை நீக்குவார்.

‘எங்கள் கைப்பேசி நீர் புகாதது’ என்போர் ஒன்றை அறிக. ஐ.பி. 67 என்னும் குறியீடு, ஒரு மீட்டர் ஆழத்து நன்னீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதையே குறிக்கும். வெள்ளச் சேற்றை அன்று. கருவி பழையதாக ஆக அதன் அடைப்புகளும் தளரும். நீரால் வரும் பழுதை உத்தரவாதம் பெரும்பாலும் ஏற்பதில்லை.

முடிவு என்னவாயிற்று?

“உள்ளே இருக்கும் நினைவகச் சில்லை மட்டும் எடுத்து வேறொன்றில் பொருத்த இயலாதா?” என்று கேட்டேன். இக்காலக் கருவிகளில் பதிவுகள் பூட்டிய நிலையில் இருப்பதால், அதே பலகை உயிர் பெற்றால்தான் அவற்றைத் திறக்க முடியும் என்றார் இளைஞர். இரண்டு நாள் உழைத்தார். பலகையைக் கழுவினார், எரிந்துபோன சிறு உறுப்பு ஒன்றை மாற்றினார், வேறு மின்கலமும் வேறு திரையும் பொருத்தினார். மூன்றாம் நாள் மாலை கருவி கண் திறந்தது. “இது எத்தனை நேரம் ஓடும்னு சொல்ல முடியாது” என்றவர், உடனே பதிவுகளையெல்லாம் கணினிக்கு மாற்றினார். அவ்வாரமே கைப்பேசி அடியோடு நின்றுபோயிற்று. ஆயினும் குரல் தப்பியது. உறுப்புகளின் விலையைத் தவிர அவர் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

புதிய கருவியில் அப்பதிவைக் கேட்டபோது பாட்டி ஒன்றும் பேசவில்லை. “இன்னொரு தரம் போடு” என்று மட்டும் பேத்தியிடம் சொன்னார்.

அன்புக் குடும்பத்தினரே! அக்குரல் தப்பியது அந்த இளைஞரின் திறமையால். அது ஆபத்துக்குள்ளானதற்கோ அறியாத காரியத்தில் நான் சொன்ன ஆலோசனையும் ஒரு காரணம். ‘எனக்குத் தெரியாது, தெரிந்தவரிடம் கேட்போம்’ என்று சொல்லக் குருவானவரும் கூச வேண்டியதில்லை. வானம் வெளுத்திருக்கும்போதே இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் கைப்பேசியில் இறந்தவரின் குரலோ, குழந்தையின் முதற்சொல்லோ இருந்தால், இன்றே பிறிதோரிடத்தில் படி எடுத்து வையுங்கள். கைப்பேசி போனால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். இறந்தவரின் குரலை எந்தக் கடையில் வாங்குவது?