தெற்கு நோக்கிப் புறப்படும் சக்கர இல்லம்



பயணம் என்பது வீட்டின் வாசற்படியைத் தாண்டிய பிறகு தொடங்குவதன்று. அதற்கான ஆயத்தத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு நாள் பயணத்திற்கே இது பொருந்துமென்றால், தங்கும் வீட்டையே காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, உறைபனி மூடிய ஊரிலிருந்து ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வெயில் நாட்டிற்குச் செல்வோர்க்கு எத்துணை பொருந்தும்!

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் ஆண்டுதோறும் இத்தகைய இடப்பெயர்ச்சி ஒன்று நிகழ்கிறது. குளிர்காலம் வந்ததும், பணி ஓய்வு பெற்ற முதியவர்கள் பலர் புளோரிடா, டெக்சாஸ், அரிசோனா போன்ற தென்பகுதிகளுக்குச் சென்று, வசந்தம் பிறந்த பின்னரே ஊர் திரும்புகிறார்கள். அவர்களை அங்கே 'பனிப்பறவைகள்' என்று செல்லமாக அழைக்கிறார்கள். வசதி படைத்தோர் தெற்கே வீடு வாங்கி வைத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கோ சிறிய டிரெய்லரே வீடு. நம் குடும்பங்களிலும் அந்நாடுகளில் குடியேறிய மக்களைப் பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இச்செய்தி நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

இவ்வகைச் சிறு டிரெய்லர்களுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு 'போலர்'. 1968இல் கனடாவின் வின்னிபெக் நகரில் ரே ஓலெக்கோ என்பவர் இதனை உருவாக்கினார். கண்ணாடியிழையால் வார்க்கப்பட்ட இரண்டு பாதிகளை முட்டையோடு போல் ஒன்றிணைத்துச் செய்யப்பட்டது. நீளம் 13 அடி. எடையோ அரை டன்னுக்கும் குறைவு. சிறிய காரும் இழுத்துச் செல்லலாம் என்பதால் மக்கள் விரும்பி வாங்கினர். பல பத்தாண்டுகள் கடந்தும் அவற்றுள் பல இன்னும் சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஒன்டாரியோ மாநிலத்தின் விண்ட்சர் நகரில் வாழும் முதிய தம்பதியர் இருவரை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஜனவரி மாதம், முற்றத்தில் பனி. ஆற்றைக் கடந்தால் டெட்ராய்ட். அங்கிருந்து 75ஆம் எண் நெடுஞ்சாலை ஒகையோ, கென்டக்கி, டென்னசி, ஜார்ஜியா வழியாகப் புளோரிடாவுக்குச் செல்கிறது. இனி அவர்கள் இடத்தில் நீங்கள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். என்னென்ன செய்வீர்கள்?

எடை என்னும் முதற்கணக்கு

முதலில் கணக்குப் பார்க்க வேண்டியது எடையை. கார் எவ்வளவு இழுக்கும் என்பதையும், டிரெய்லர் எவ்வளவு சுமக்கும் என்பதையும் தயாரிப்பாளர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். அந்த எல்லையை மீறுவது மெல்ல மெல்லத்தான் நிகழும். நான்கு மாதங்களுக்குத் தேவையென்று ஒரு பாத்திரம், ஒரு கம்பளி, ஒரு நாற்காலி என்று சேர்ந்துகொண்டே போகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 80 லிட்டர் தொட்டியை நிரப்பினால் கூடுதலாக ஒரு மனிதரை ஏற்றியதற்குச் சமம்.

மொத்த எடை மட்டுமன்று, அது எங்கே அமர்கிறது என்பதும் இன்றியமையாதது. டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு, காருடன் இணையும் கொக்கியின் மேல் அமர வேண்டும். 1000 கிலோ டிரெய்லர் என்றால் 100 முதல் 150 கிலோ. கனமான பொருள்களை அச்சுக்குச் சற்று முன்னே, தரையோடு தரையாக வைத்தால் இது அமையும். பின்புறம் கனத்துவிட்டால் என்ன ஆகும்? வேகம் கூடியதும் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். பெரிய லாரி ஒன்று கடந்து செல்லும் காற்றே அந்த ஆட்டத்தைத் தொடங்கிவைக்கப் போதும்.

அவ்வேளையில் திடுக்கிட்டுக் காரின் பிரேக்கை மிதிப்பதே மனித இயல்பு. அதுவே பெருந்தவறு! காலை மெல்ல எடுத்து வேகத்தைத் தானாகக் குறையவிட வேண்டும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும். மின்பிரேக் உள்ள டிரெய்லரானால், அதன் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். இதைச் சாலையில் அல்ல, வீட்டிலிருந்து புறப்படும் முன்பே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

சக்கரங்களைச் சோதியுங்கள்

டிரெய்லரின் டயர்கள் தேய்ந்து கெடுவதைவிட, நின்ற இடத்திலேயே வயதாகிக் கெடுவதே அதிகம். பார்வைக்குப் புதிதாகத் தோன்றும் டயர் உள்ளே வலுவிழந்திருக்கக்கூடும். அதன் வயதை அறிவது எளிது. டயரின் பக்கவாட்டில் பொறித்த எண் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். '2319' என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஐந்தாறு ஆண்டுகள் கடந்திருந்தால் தயங்காது மாற்றிவிடுங்கள். காற்றழுத்தத்தை ஓடிய பின்னர் அன்று, ஓடும் முன்னரே பார்க்க வேண்டும். டிரெய்லர் டயர்கள் பல மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்திற்கே தகுதி பெற்றவை என்பதையும் மறந்துவிடலாகாது.

சக்கரத்தின் பேரிங்குகளைக் கழற்றித் துடைத்து ஆண்டுக்கொரு முறை புதிய கிரீஸ் இட வேண்டும். கிரீஸ் காய்ந்த பேரிங் சூடேறி இறுகினால், நடுவழியில் சக்கரமே கழன்றோட நேரிடும். சக்கரத்தை மாட்டிய பிறகு நட்டுகளை ஒருமுறை இறுக்கினால் மட்டும் போதாது. முதல் 15, 40, 80 கிலோமீட்டர்களில் நிறுத்தி மீண்டும் சோதிப்பது நல்லது. விளக்குகள், குறுக்காக மாட்டிய பாதுகாப்புச் சங்கிலிகள், கொக்கி கழன்றால் டிரெய்லர் பிரேக்கைத் தானே இயக்கும் அவசரக் கம்பி ஆகிய மூன்றும் ஒவ்வொரு காலையும் பார்க்கத்தக்கவை.

தண்ணீரில்லாத குழாய்களே பாதுகாப்பு

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கிறது. அந்த விசைக்கு முன் பிளாஸ்டிக் குழாயும், பம்பும், வெந்நீர்க் கொதிகலனும் நிற்கமாட்டா. ஆகவே குளிர்காலத்திற்கென்று தண்ணீரை வடித்துவிட்டு, உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தைக் குழாய்களில் நிரப்பி வைத்திருப்பார்கள். புறப்படும் மகிழ்ச்சியில் அதை வெளியேற்றித் தொட்டியில் நன்னீர் நிரப்பிவிடுவது பலரும் செய்யும் பிழை. உறைபனியின் எல்லையைத் தாண்டும் வரை குழாய்களை அப்படியே விட்டுவிடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் குடங்களில் தண்ணீர் கொண்டுசெல்லுங்கள்.

அந்த எல்லை நீங்கள் நினைப்பதைவிடத் தெற்கே இருக்கலாம். 2022 டிசம்பர் இறுதியில் வீசிய கடுங்குளிரில் ஜார்ஜியாவின் அட்லாண்டா நகரிலேயே குழாய்கள் வெடித்தன.

இன்னோர் எச்சரிக்கை! அந்தத் திரவம் டிரெய்லர் குழாய்களுக்கென்றே விற்கப்படும் புரோப்பிலீன் கிளைக்கால் வகையாக இருக்க வேண்டும். கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் கொடிய நஞ்சு. குடிநீர்க் குழாயில் ஒரு துளியும் சேரலாகாது. தெற்கே சேர்ந்ததும் குழாய்களை நன்கு அலசி, தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லி வீதம் மணமற்ற சலவை பிளீச் கலந்து, குழாய்களெங்கும் ஓடவிட்டு, ஓர் இரவு வைத்திருந்து, மீண்டும் அலசிய பிறகே குடிக்கப் பயன்படுத்துங்கள்.

கண்ணுக்குப் புலப்படாத எதிரி

இதுவரை கூறியவை தவறினால் பொருள் நட்டமோ விபத்தோ ஏற்படும். இனிக் கூறப்போவது தவறினால், தூங்கியவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

கென்டக்கியில் ஓர் இரவு, வெளியே உறைபனி. டிரெய்லரோ ஒரு சிறிய அறை அளவே. குளிர் தாங்காமல் ஜன்னல்களை இறுக மூடிவிட்டு, 'சற்று நேரம் வெதுவெதுப்பாக இருக்கட்டும்' என்று சமையல் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கண்ணயர்கிறார்கள். மூடிய அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய, அடுப்பு கார்பன் மோனாக்சைடை உமிழத் தொடங்குகிறது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் அது ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், அயர்வு என்று சாதாரணக் காய்ச்சலைப் போலவே அதன் அறிகுறிகள் தோன்றும். உறங்குபவர்க்கு அவ்வறிகுறியும் தெரிவதில்லை.

ஆதலின் சமையல் அடுப்பை ஒருபோதும் குளிர்காயப் பயன்படுத்தாதீர்கள். அடுப்பெரியும் வேளையில் ஜன்னலையும் மேற்கூரைத் துவாரத்தையும் சிறிது திறந்து வையுங்கள். வெளியே புகை செல்லும் குழாயுள்ள ஹீட்டரையே நாடுங்கள். அக்குழாயின் வாயைப் பனி மூடவில்லை என்று பாருங்கள். ஜெனரேட்டரை இயக்கினால் டிரெய்லரிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வையுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி ஒன்று கட்டாயம் வேண்டும். அதற்கும் ஆயுள் உண்டு. அதன் பின்புறம் அச்சிட்ட காலாவதி நாளைக் கண்ணால் பார்த்த பின்னரே புறப்படுங்கள்.

மேற்கூரைத் துவாரத்தைச் சற்றுத் திறந்து வைப்பதில் மற்றுமொரு நன்மையும் உண்டு. இருவர் இரவெல்லாம் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த சுவர்களில் நீராகப் படிந்து மெத்தையை நனைக்கும். அந்த ஈரம் வெளியேற வழி வேண்டுமல்லவா?

எரிவாயுவும் பேட்டரியும்

குளிர் நாட்டில் புரோப்பேன் வாயுவே ஏற்றது. அது பூஜ்ஜியத்திற்குக் கீழே 42 டிகிரி வரை ஆவியாகும்; பியூட்டேனோ பூஜ்ஜியத்தை ஒட்டியே செயலிழந்துவிடும். புரோப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே அதற்கான எச்சரிக்கை மணி தரைக்கு அருகில் இருக்க வேண்டும். இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வண்டி ஓடும்போது சிலிண்டரை மூடிவிடுங்கள்.

கிழக்குக் கரையோரமாக 95ஆம் எண் நெடுஞ்சாலையில் செல்வோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பால்டிமோர் நகரின் சுரங்கச் சாலைகளில் 10 பவுண்டுக்கு மேற்பட்ட புரோப்பேன் சிலிண்டருடன் செல்ல அனுமதியில்லை. சிறு டிரெய்லரில் வழக்கமாக இருப்பதோ 20 பவுண்டு சிலிண்டர். முன்பு இத்தகைய வண்டிகள் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் வழியே சென்றன. 2024 மார்ச் 26 அன்று கப்பல் மோதி அப்பாலம் இடிந்து வீழ்ந்தது. பழைய குறிப்புகளை நம்பிச் செல்லாமல், நகரின் மேற்குப்புறச் சுற்றுச்சாலையைத் தேர்வது நலம்.

பேட்டரியை முழுவதும் மின்னேற்றிக் கொள்ளுங்கள். முழு மின்னேற்றமுள்ள ஈயப் பேட்டரி கடுங்குளிரிலும் உறையாது. மின்னிழந்ததோ சாதாரணப் பனிக்கே உறைந்து வெடிக்கலாம். லித்தியம் பேட்டரி வைத்திருப்போர், பூஜ்ஜியத்திற்குக் கீழான குளிரில் அதற்கு மின்னேற்றலாகாது என்பதை நினைவிற் கொள்க.

நாளைத் தீர்மானிப்பது எது?

எல்லா ஆயத்தமும் முடிந்தது. புறப்படும் நாளை நாட்காட்டி தீர்மானிக்க வேண்டாம். வானிலை அறிக்கை தீர்மானிக்கட்டும். சாலையில் பனிக்கட்டி படரும் என்றால் இரண்டு நாள் காத்திருங்கள். தங்குமிடத்திற்குக் கொடுத்த முன்பணம் உயிரைவிடப் பெரிதன்று.

பனிக்கட்டி மட்டுமன்று, மூடுபனியும் கொடியதே. 1990 டிசம்பர் 11 அன்று இதே 75ஆம் எண் நெடுஞ்சாலையில், டென்னசியின் கால்ஹூன் அருகே, திடீரென்று சூழ்ந்த மூடுபனியில் 99 வண்டிகள் ஒன்றன்மீதொன்று மோதின. 12 பேர் உயிரிழந்தனர். பின்னர் அங்கே மூடுபனியை உணர்ந்து எச்சரிக்கும் கருவிகள் பொருத்தப்பட்டன. எச்சரிக்கை விளக்கைக் கண்டதும் வேகத்தைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

அனுபவசாலிகள் ஓர் எளிய விதி கூறுவார்கள்: ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, பிற்பகல் 3 மணிக்குள் நிறுத்து, முடிந்தால் ஓரிடத்தில் 3 நாள் தங்கு. குளிர்காலத்தில் பொழுது விரைவில் சாய்வதால், இரண்டாவது கட்டளையையாவது கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும்.

ஆவணங்களையும் மறவாதீர்கள். ஒன்டாரியோவின் அரசு மருத்துவக் காப்பீட்டை இழக்காதிருக்க, எந்த 12 மாத காலத்திலும் குறைந்தது 153 நாட்கள் அம்மாநிலத்தில் இருந்திருக்க வேண்டும். அமெரிக்க மருத்துவமனைச் செலவு மிகுதி என்பதால் தனியான பயணக் காப்பீடும், போதிய மருந்துகளும், மருத்துவரின் சீட்டும் கையிலிருக்கட்டும்.

வாசகர்களே! மேற்கூறியவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒருவர் வாசிக்க மற்றவர் தொட்டுப் பார்த்துச் சரி என்று கூறட்டும். நினைவை நம்பினால் அவசரத்தில் ஏதேனும் விடுபடும். எழுதிய தாள் எதையும் விடாது. பிள்ளைகளுக்கும் இதில் பங்குண்டு. பெற்றோர் புறப்படும் முன் ஒருநாள் வந்து, டயரின் எண்ணையும் எச்சரிக்கை மணியின் காலாவதி நாளையும் பார்த்துக் கொடுத்தால், அது வழியனுப்பும்போது கொடுக்கும் எந்தப் பரிசைவிடவும் மேலானதாகும். பெரியவர்கள் சுகமாய்ச் சென்று, வசந்தத்தில் சுகமாய்த் திரும்பி வருவதைவிட அவர்களுக்கு வேண்டியதுதான் என்ன?